பிள்ளையின் முறிந்த காலுக்குப் பிளாஸ்டர்: புதிதாகக் கைவைப்பவர்களுக்கு

பாடசாலை விடுமுறை விட்டால் யாழ்ப்பாணத்தில் பிளாஸ்டர் அறை வாங்குகளில் இடமிருக்காது. மாமரத்தால் விழுந்தது, மதிலால் குதித்தது, அண்ணாவின் சைக்கிள் கரியரில் போகும்போது சில்லுக்கம்பிக்குள் கால் போனது என்று ஒவ்வொன்றாக வரும். யாழ் போதனா வைத்தியசாலையிலோ, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை பக்க வைத்தியசாலைகளிலோ புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பயிற்சி வைத்தியர்கள், தாதியர்கள், பிளாஸ்டர் அறையில் உதவிக்கு நிற்பவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். பெற்றோர் வாசித்தாலும் நல்லது. பிற்பகுதி அவர்களுக்கே கூடப் பயன்படும். ஆனால் இது வீட்டில் செய்து பார்க்கிற வேலையல்ல. வைத்தியசாலையிலும் முதல் சில பிளாஸ்டர்களைப் பழகின ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான் போட வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் எக்ஸ்றேயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எலும்பு நேராக வந்ததா என்பதுதான் அவர்கள் கவலை. பிள்ளைகளில் கவலைப்பட வேண்டிய ஒழுங்கு வேறு. சின்னப்பிள்ளையின் எலும்புக்கு மேலுறை தடிப்பானது, இரத்த ஓட்டம் நல்லது, பொருந்துவதும் கெதி. சிறிய கோணல்களை வளர்ச்சியே நிமிர்த்திவிடும். குதியில் வந்த அழுத்தப் புண்ணையோ, முழங்காலுக்கு வெளிப்பக்கம் நெரிந்த நரம்பையோ, இரத்தம் போகாமல் செத்த தசையையோ எந்த வளர்ச்சியும் திருத்தாது. அதனால் பிளாஸ்டர் முதலில் காலுக்குக் கெடுதல் செய்யாமல் இருக்க வேண்டும். எலும்பைப் பிடித்து வைத்திருப்பது அதற்கு அடுத்தது.

பிளாஸ்டரைத் தொட முன்னர்

எப்படி விழுந்தது என்று கேளுங்கள். பிள்ளை கதைக்கிற வயதென்றால் பிள்ளையிடமும் கேளுங்கள். இன்னும் நடக்கத் தொடங்காத குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தால், சொல்லும் கதையும் காயமும் ஒத்துப்போகாவிட்டால், நாட்கள் கழித்துக் கொண்டுவந்திருந்தால், அதைப் பிளாஸ்டருக்குள் மூடி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. யாரையும் குற்றஞ்சாட்டத் தேவையில்லை. பிள்ளையை வார்ட்டில் அனுமதித்து, கன்சல்டனுக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் தெரியப்படுத்தினால் போதும். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து முழுக் காலையும் திறந்து பாருங்கள். முறிவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு அளவு இரத்தம் கசிந்தாலும் அது திறந்த முறிவாக, அதாவது எலும்பு வரை தோல் கிழிந்ததாக, இருக்கலாம், அது சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குரியது. பாதத்தின் மேற்பக்கத்திலும் உட்கணுவுக்குப் பின்னாலும் நாடி பிடியுங்கள். பெருவிரல் நகத்தை அமத்தி விட்டால் 2 செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தொட்டால் தெரிகிறதா, விரலை மேலே தூக்க முடிகிறதா என்று பார்த்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். பிளாஸ்டர் போட்டபின் விரல் தூக்கவில்லை என்றால், அது விழுந்ததால் வந்ததா நாங்கள் போட்டதால் வந்ததா என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கும். விழாத பிள்ளை காய்ச்சலோடு கால் ஊன்ற மறுத்தால் அது முறிவாக இல்லாமல், எலும்பிலோ மூட்டிலோ கிருமியாக இருக்கலாம். பிளாஸ்டர் போட்டு மறைத்துவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: புக்கை, அதாவது நாட்டு மருந்துக் கட்டு, கட்டினதா? முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்விட்டு வருபவர்கள் நிறையப் பேர். அதைச் சொல்லத் தாய் கூச்சப்படுவார், ஏச்சு விழும் என்று. ஏசினால் அடுத்தமுறை மறைப்பார்கள். ஆறுதலாகக் கேட்டு, கட்டை முழுக்க அவிழ்த்து, எண்ணெயையும் மருந்தையும் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, தோலில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டு இறுக்கமாக இருந்திருந்தால் அந்தக் கால் ஏற்கெனவே வீங்கத் தயாராக உள்ள கால். அதற்கு முழுப் பிளாஸ்டர் கூடாது.

எக்ஸ்றே முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும், மேல் மூட்டும் கீழ் மூட்டும் படத்தில் விழ வேண்டும். எக்ஸ்றேக்கு அனுப்ப முன்னரே வலி மருந்து கொடுங்கள். பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மி.கி. என்பது தொடக்கம், நல்ல முறிவுக்கு அது காணாது, மேலதிகமாக என்ன கொடுப்பது என்று மூத்த வைத்தியர்களிடம் கேளுங்கள். மாரியில் காய்ச்சலும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஐபுபுறூபன் வேண்டாம், டெங்கு இல்லை என்று தெரியும் வரையாவது.

எந்த முறிவுக்கு எது

நடை பழகும் வயதில், ஒன்பது மாதத்திலிருந்து மூன்று வயது வரை, கால் சுற்றி விழுந்து ரிபியா எனும் பெரிய கணைக்கால் எலும்பில் மயிரிழை போலச் சுருள் கீறல் விழும். முதல் எக்ஸ்றேயில் தெரியாமலும் போகும். எலும்பு விலகாது. 3 முதல் 4 கிழமை பிளாஸ்டர் போதும், அதுவும் பெரும்பகுதி வலிக்காகத்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளையின் ரிபியா நடுப்பகுதி முறிவுக்குத் தொடை வரை பிளாஸ்டர். ஏறக்குறைய 6 கிழமை, வளர்ந்த பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாக. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கத்துச் சிறிய எலும்பான பிபுலா முறியாமல் இருந்தால், அது ஒரு முட்டுக்கட்டையாக நின்று ரிபியாவை உட்பக்கம் சரிய வைக்கும், முதல் இரண்டு மூன்று கிழமைக்குள். எக்ஸ்றே இன்று அழகாக இருக்கிறது என்று ஒரு மாதத்துக்குத் திகதி கொடுப்பவர் இந்தச் சரிவைக் காணமாட்டார். கிழமைக்கு ஒருமுறை, மூன்று கிழமை, எக்ஸ்றே பார்க்க வேண்டும். சரிவைப் பிந்திக் கண்டால் திருத்துவது கடினம்.

கணுக்கால் பக்கத்து வளர்தட்டு (எலும்பு நுனியருகே அது நீளமாக வளரும் குருத்தெலும்புப் படை) முறிவுகளை 1963 இல் சோல்ற்றரும் ஹரிசும் வகுத்த ஐந்து வகைகளில் எது என்று முதலில் தீர்மானியுங்கள். விலகாத முதல் இரண்டு வகைக்கு முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர், 3 முதல் 4 கிழமை. மூட்டுக்குள் ஓடும் மூன்றாம் நான்காம் வகைகளை நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

தொடை எலும்பு முறிவு பிளாஸ்டர் அறை வேலை அல்ல. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையானவர்களுக்கு இடுப்பையும் சேர்த்துப் போடும் ஸ்பைக்காவை மயக்க மருந்து கொடுத்துத் தியேட்டரில் போடுவார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் பெரும்பாலும் எலும்புக்குள் ஏற்றும் வளையும் கம்பிதான். அங்கே உதவிக்கு நின்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வயிற்றில் மடித்த துவாய் வைத்து அதன்மேல் பிளாஸ்டர் சுற்றிப் பிறகு துவாயை உருவி எடுப்பார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடவும் முடியாது, மூச்செடுக்கவும் கஷ்டப்படும்.

முறிவு புதிது, வீக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் எந்த வகையானாலும் முதலில் காலைச் சுற்றி மூடாமல் பின்னால் மட்டும் தாங்கும் பின்பக்கச் சிலாப்தான். வீக்கம் வடிந்தபின், சில நாள் கழித்து, முழுப் பிளாஸ்டர். முதல் நாளே சுற்றி மூடுவதில் எந்தக் கெட்டித்தனமும் இல்லை.

சாமான்களும் தண்ணீரும்

ஸ்டொக்கினெற் (தோலோடு போடும் குழாய் வடிவப் பின்னல் துணி), பஞ்சு றோல், 4 அங்குல, 6 அங்குல பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஒவ் பாரிஸ்) றோல்கள், கிறேப் பண்டேஜ், வாளி, கத்தரிக்கோல், கையுறை, நிலத்துக்கு விரிக்க ஏதாவது. எல்லாவற்றையும் எடுத்து வைத்து, எவ்வளவு தேவை என்று எண்ணிப் பிரித்த பிறகுதான் முதல் றோல் தண்ணீருக்குள் போக வேண்டும். இடையில் றோல் தேடி அலுமாரிக்கு ஓடினால், முதல் படை இறுகி, இரண்டாவது படை அதோடு ஒட்டாமல், கடைசியில் படை படையாகக் கழலும்.

மாரி காலத்தில் உடைத்து வைத்த பெட்டி றோல்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கையில் எடுத்தால் தூள் உதிராமல் கட்டி கட்டியாக இருந்தால் அதைப் போடாதீர்கள், இறுகினாலும் பலமிருக்காது.

பி.ஓ.பி. என்பது சூடாக்கி நீரில் பெரும்பகுதியைப் போக்கிய ஜிப்சம். தண்ணீர் பட்டதும் மீண்டும் ஜிப்சமாக மாறும். அப்படி மாறும்போது வெப்பம் வெளிவிடும். தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு கெதியாய் இறுகும், அவ்வளவு சுடும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும். அதை நேரே பாவிக்கக்கூடாது. காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வையுங்கள். உவர்த் தண்ணீரும் பிளாஸ்டரைக் கெதியாய் இறுகச் செய்யும். தீவுப்பக்கத்தில் வேலை செய்பவர்கள் நல்ல தண்ணீர் எடுப்பது நல்லது. முந்தின பிள்ளைக்குப் பாவித்த கலங்கின தண்ணீரிலும் அடுத்த றோலை நனைக்க வேண்டாம், அடியில் கிடக்கும் மண்டி இறுகலை முடுக்கிவிடும்.

இந்தப் பண்டேஜ் வருவதற்கு முன்னர் ஐரோப்பாவில் மாப்பசை பூசிய துணிகளைச் சுற்றி, காய்வதற்காக நாட்கணக்கில் காத்திருந்தார்கள். 1850களின் தொடக்கத்தில் நெதர்லாந்து இராணுவ வைத்தியர் அந்தோனியஸ் மத்தைசன் துணிக்குள் பிளாஸ்டர் தூளைத் தேய்த்துச் சுற்றி வைத்து, தேவையானபோது நனைக்கும் வழியைக் கொண்டுவந்தார். அதே ஆண்டுகளில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். பின்னாளில் அதைத் தமிழிலேயே கற்பித்தார். இந்த ஊரில் பிளாஸ்டர் போடுவதைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

பைபர்கிளாஸ் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். பாரம் குறைவு, கெதியாய் இறுகும், விலை கூட. ஆனால் காலின் வடிவத்துக்கு அழுத்திப் பிடிக்கப் பி.ஓ.பி. அளவுக்கு இசையாது, வீக்கத்துக்கும் இடம் கொடாது. வீக்கம் வடிந்து எலும்பு ஒட்டத் தொடங்கிய பின்னர் மாற்றுவதற்கு நல்லது. முதல் பிளாஸ்டருக்கு நான் பி.ஓ.பி.யைத்தான் சொல்வேன்.

பிடித்தலும் பஞ்சும்

இனி ஆறு வயதுப் பிள்ளைக்குத் தொடை வரை போடுவதாக வைத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் சுற்ற. பிள்ளையை மேசை விளிம்பில் இருத்தி, காலைக் கீழே தொங்க விடுங்கள். தாய் பின்னால் இருந்து அணைத்துக்கொள்ளட்டும். தொங்கும் காலை அதன் பாரமே நேராக்கிக் கொடுக்கும். சின்னக் குழந்தையென்றால் தாயின் மடியே மேசை.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். “ஒண்டும் செய்யமாட்டன்” என்று சொல்லிவிட்டுக் காலைப் பிடித்தால் பிறகு ஆறு கிழமைக்கும் உங்களை நம்பாது. “ராசா, இப்ப ஈரத்துணி சுத்துவன். கொஞ்ச நேரத்தில சூடு வரும், பிறகு ஆறிப்போம். நோகுதெண்டால் சொல்லுங்கோ, நான் நிப்பாட்டுறன்” என்றால் அநேகமான பிள்ளைகள் இருந்து கொடுப்பார்கள். நிப்பாட்டச் சொன்னால் ஒருதரமாவது நிப்பாட்ட வேண்டும்.

மற்றக் காலையும் பாருங்கள். முழங்கால் சில்லு நேரே பார்க்கும்போது அந்தப் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, முறிந்த கால் பாதமும் அப்படியே பார்க்க வேண்டும். கோணலை வளர்ச்சி நிமிர்த்தும் என்று சொன்னேன், திருகலை நிமிர்த்தாது.

கணுக்காலை 90 பாகையில் பிடித்த பிறகுதான் பஞ்சு சுற்றத் தொடங்க வேண்டும். பாதம் தொங்கி நிற்கப் பஞ்சைச் சுற்றிவிட்டு, பிறகு மேலே மடக்கினால் கணுக்காலின் முன்பக்கத்தில் மடிப்பு விழும். அந்த மடிப்பு பிளாஸ்டருக்குள் ஒரு கயிறுபோல் நின்று தோலை வெட்டும். முழங்காலுக்கும் அப்படியே, என்ன கோணத்தில் முடியப் போகிறதோ அதே கோணத்தில் தொடங்குங்கள். ரிபியாவின் கீழ்ப்பகுதி முறிவுகளில் பாதத்தைக் கொஞ்சம் கீழ்நோக்கி விட்டால்தான் எலும்பு பின்னால் வளையாமல் நிற்கும். அதைக் கன்சல்டன் சொல்லுவார்.

ஸ்டொக்கினெற்றை விரல் நுனியிலிருந்து தொடை மேல் வரை, இரண்டு அந்தத்திலும் மடிக்கக் காணக்கூடிய அளவுக்குக் கூட விட்டுப் போடுங்கள். அதன்மேல் பஞ்சை விரலடியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடத்தக்கதாகச் சுற்றினால் எங்கும் இரண்டு படை வரும். குதி, இரண்டு கணுக்கள், முழங்கால் சில்லு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் தட்டுப்படும் பிபுலாவின் தலை, இந்த இடங்களுக்குத் தனித்துண்டு கிழித்து மேலதிகமாக வைக்க வேண்டும். பிபுலாவின் தலைக்குச் சற்றுக் கீழே எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலோடு ஒட்டி ஓடுகிறது. அதை அமத்தினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும். குதிக்குப் பஞ்சைப் பந்தாக உருட்டி வைக்கக்கூடாது. மெல்லிய துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரவி வையுங்கள்.

பஞ்சு கூடினால் பாதுகாப்புத்தானே என்று நினைக்கத் தோன்றும். கூடினால் இரண்டு நாளில் அமுங்கி, பிளாஸ்டருக்குள் கால் ஆடும், எலும்பு விலகும், தோலும் உரஞ்சும். எலும்பு முட்டும் இடத்தில் தாராளம், மற்ற இடத்தில் அளவு.

பிளாஸ்டர் சுற்றுதல்

றோலின் நுனியைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு சரிவாகத் தண்ணீருக்குள் வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, இரண்டு அந்தத்தையும் பிடித்து நடுவை நோக்கி மெல்ல அமத்துங்கள். உடுப்புப் பிழிகிற மாதிரி முறுக்கினால் பிளாஸ்டரெல்லாம் வாளிக்குள் போய்விடும், உங்கள் கையில் வெறுந்துணிதான் மிஞ்சும்.

முதலில் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை முடித்து, அது இறுகிய பின்னர் தொடைக்குக் கொண்டுபோவது புதியவர்களுக்குச் சுகம். முழுக்காலையும் ஒரே மூச்சில் சுற்றப் போனால் மேல்பகுதி முடியுமுன் கீழ்ப்பகுதி இறுகிவிடும், வடிவம் பிடிக்க நேரமிருக்காது.

றோலைக் காலின்மேல் வைத்து உருட்டுங்கள். இழுக்கவே கூடாது. இதைப் பத்துமுறை எழுதினாலும் தகும், ஏனென்றால் பண்டேஜ் சுற்றிப் பழகின கை தன்பாட்டில் இழுக்கும். கெண்டைச்சதை பருக்கும் இடத்தில் றோல் சரியாகப் படியாது. அங்கே இழுத்துச் சரிக்கட்டாமல், கீழ்விளிம்பில் ஒரு சிறு மடிப்பு எடுத்து உள்ளங்கையால் தடவி விடுங்கள். ஒவ்வொரு படையையும் அப்படித் தடவினால் தான் படைகள் ஒன்றாகச் சேரும். பிள்ளைக்கு ஐந்து ஆறு படை போதும். தடித்த பிளாஸ்டர் பலமானது என்று நினைக்க வேண்டாம்; தடிப்புக் கூடக் கூடச் சூடும் கூடும், பாரமும் கூடும்.

பிடிப்பவர் விரல் நுனியால் பிடிக்கக்கூடாது. ஈரப் பிளாஸ்டரில் விழும் ஒரு விரல் குழி உள்ளே ஒரு முட்டாக நின்று, ஒரு கிழமையில் அந்த இடத்தில் புண் வைக்கும். உள்ளங்கை மட்டுமே, அதுவும் ஒரே இடத்தில் வைத்திராமல் நகர்த்திக்கொண்டே.

இறுகத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான் எலும்பைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. முறிவு உட்பக்கம் சரியப் பார்க்கிறதென்றால் முறிந்த மட்டத்தில் ஒரு பக்கத்திலும், அதற்கு மேலும் கீழும் எதிர்ப்பக்கத்திலும் உள்ளங்கையால் அமத்திப் பிடியுங்கள். மூன்று இடத்து அழுத்தம் என்பது இதுதான். வெறும் வட்டக் குழாயாக விட்டால் எலும்பு உள்ளே தன்பாட்டில் உருளும். கணைக்கால் முன்பக்கம் இயல்பாகவே முக்கோணம், பிளாஸ்டரும் அப்படி அமைய வேண்டும். தொடைப்பகுதியில் முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு பக்கத்தையும் உள்ளே அமத்தி விடுங்கள், அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் சின்னப்பிள்ளையின் பிளாஸ்டர் சாரம் கழன்ற மாதிரி வழுகி இறங்கிவிடும். முழங்கால் மடிப்பு 30 முதல் 45 பாகை. மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னும் கூட மடிக்கலாம், ஊன்றி ஓடாமலிருக்க.

இறுகும்போது சூடு வரும். அந்த நேரத்தில் காலைப் பிளாஸ்டிக் உறை போட்ட தலையணையில் வைத்தோ, துவாயால் மூடியோ விட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் தோல் எரியும். திறந்து விடுங்கள், மின்விசிறியைப் போடுங்கள்.

விளிம்புகளில் நேரம் செலவழிக்க வேண்டும். சுண்டுவிரல் உட்பட ஐந்து விரலும் நகத்தோடு தெரிய வேண்டும். சுண்டுவிரலை மூடுவது எல்லோரும் செய்யும் தவறு. மேலே கவட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் விட வேண்டும், மலசலம் படாமலும் தொடை இடுக்கு உரஞ்சாமலும் இருக்க. ஸ்டொக்கினெற்றை மடித்து அதன்மேல் கடைசிச் சுற்றைப் போட்டு முடித்துவிட்டு, உங்கள் விரலை விளிம்பெல்லாம் ஓட்டிப் பாருங்கள், உங்கள் கையைக் கீறுவது பிள்ளையையும் கீறும்.

புதிய முறிவுக்கு முழுப் பிளாஸ்டர் போடத்தான் வேண்டியிருந்தால், உடனேயே நீளத்துக்கு வெட்டிப் பிளந்து, சற்று விரித்து, மேலே கிறேப் பண்டேஜ் சுற்றி விடுங்கள். வெட்டு என்றால் பஞ்சின் கடைசி இழையும் வெட்டப்பட்டுத் தோல் தெரிய வேண்டும். இரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு பிளாஸ்டர் அளவுக்கே இறுக்கும். அதன் பிறகு எக்ஸ்றே, அதன் பிறகு திரும்பவும் விரல்களின் நிறம், சூடு, உணர்ச்சி, அசைவு. முன்னர் எழுதின வரிக்குக் கீழேயே எழுதுங்கள்.

முதல் இரண்டு நாள்

கணைக்காலின் தசைகள் இறுக்கமான அறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கம் ஏறி அழுத்தம் கூடினால் இரத்தம் தசைக்குப் போகாது. சில மணித்தியாலத்தில் தசை செத்துவிடும். கொம்பார்ட்மென்ற் சின்ட்றோம் என்பது இது. நாடி இல்லை, விரல் வெளிறிவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும், அவை கடைசியில்தான் வரும். பிள்ளை “எனக்குக் கெண்டைக்குள்ள இறுக்குது” என்று சொல்லாது. அடங்காமல் அழும், அந்தரப்படும், தாய் தொட்டாலும் உதறும், ஒரு மணித்தியாலத்துக்கு முன் கொடுத்த மருந்து காணாமல் திரும்பக் கேட்கும். முறிவு நேராக்கிப் பிளாஸ்டர் போட்ட பிள்ளைக்கு வலி குறைந்துகொண்டு வர வேண்டும். கூடிக்கொண்டு போனால் காரணம் பிளாஸ்டருக்குள்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களை மெதுவாக மேலே நீட்டிப் பார்த்தால் அலறும்.

அப்போது கூடுதல் வலி மருந்து எழுதிவிட்டுப் படுக்கப் போவது மகா பிழை. பிளாஸ்டரை, பஞ்சை, எல்லாவற்றையும் மேலிருந்து கீழ் வரை பிளந்து விரியுங்கள், காலை இருதயத்தின் மட்டத்தில் வையுங்கள், மூத்த வைத்தியர்களைக் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணியானாலும் கூப்பிடத்தான் வேண்டும். பிளந்ததால் எலும்பு விலகினால் நாளைக்கு நேராக்கலாம்.

சாதாரணமாக முதல் இரண்டு நாளும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். தலையணையைக் கெண்டைக்குக் கீழே வைத்துக் குதியை வெளியே விடுங்கள். குதி தலையணையில் பாரமாகக் கிடந்தால் ஈரப் பிளாஸ்டர் அங்கே அமுங்கும்.

நெடுந்தீவிலிருந்து வந்த பிள்ளையை அன்று பின்னேரப் படகுக்கே அனுப்பிவிட நினைக்காதீர்கள். இரவு கால் இறுக்கினால் குறிகட்டுவானுக்கு வந்து சேர விடிய வேண்டும். தூரத்துப் பிள்ளைக்கு, வீக்கம் இருக்கும் பிள்ளைக்கு, தாய் தனியாக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வார்ட்டில் ஓர் இரவு வைத்திருக்கக் கேட்பதில் வெட்கமில்லை.

வீட்டுக்குப் போகும்போது

கடதாசியில் எழுதிக் கொடுத்தாலும் வாயாலும் சொல்லுங்கள், தாயிடம் மட்டுமல்ல, வீட்டில் பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மம்மாவிடமும்.

பி.ஓ.பி. தொட்டால் இறுகினதுபோல இருக்கும், ஆனால் உள்ளே காய 2, 3 நாள் செல்லும், மாரியில் இன்னும் கூட. காயும்வரை கடுமையான எதன்மேலும் வைக்கக்கூடாது. அடுப்படியில் வைத்துக் காய்ச்சவும் கூடாது. கிணற்றடிக் குளிப்பு இல்லை, துடைத்துவிட வேண்டியதுதான். சொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு குளிக்கலாம் என்பார்கள். கட்டினாலும் கால் தண்ணீருக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். நனைந்து குழைந்தால் காயவைத்துப் பார்க்காமல் திரும்பி வரச் சொல்லுங்கள்.

சொறியும், கட்டாயம் சொறியும். ஈர்க்கு, அடிமட்டம், பின்னலூசி எதுவும் உள்ளே போகக்கூடாது. உள்ளே ஒரு கீறல் விழுந்தால் அது யாருக்கும் தெரியாமல் சீழ் வைக்கும். வெளியே தட்டிக் கொடுக்கலாம், விசிறியைப் பிடிக்கலாம். சின்னப்பிள்ளைகள் கச்சான், மணி, சில்லறைக் காசு என்று உள்ளே போட்டுப் பார்ப்பார்கள். மேல்விளிம்பை ஒரு பழைய காலுறையால் மூடி வைத்தால் அதுவும் குறையும், மணலும் குறையும். நல்லூர்த் திருவிழா நேரத்தில் வீதி மணலில் இருத்தி எடுத்த பிள்ளைகளின் பிளாஸ்டருக்குள் அரைச்சிரட்டை மணல் இருக்கும். இனிப்புச் சிந்தினால் எறும்பு ஏறும், சாப்பிட்டபின் துடைக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு இருத்தி, பிளாஸ்டர் காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு போவது எங்கள் ஊரில் அன்றாடக் காட்சி. எதிரே வரும் வாகனத்தில் அடிபட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டோவில் இருக்கை நீளத்துக்குக் கால் நீட்டி வரட்டும். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஊன்றுகோல் அநேகமாகச் சரிவராது, தூக்கத்தான் வேண்டும்.

சாப்பாட்டில் பத்தியம் ஏதும் இல்லை. பால், முட்டை, மீன், கீரை, பிள்ளை சாப்பிடுகிற எதுவும் நல்லது. எலும்பு சூப்புத்தான் வேண்டும் என்று அப்பாச்சி நின்றால் நில்லட்டும், அதனால் கெடுதல் இல்லை.

இனி வருபவை ஏதாவது ஒன்றைக் கண்டால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வர வேண்டும்: மருந்து கொடுத்தும் கூடும் வலி, நீலமாகவோ வெளிறியோ குளிர்ந்தோ போன விரல், விரல் அசைக்க முடியாமை, விறைப்பு, பிளாஸ்டருக்குள்ளிருந்து நாற்றம் அல்லது கசிவு, காரணமில்லாத காய்ச்சல், குதியில் ஒரே இடத்தில் எரிவு. குதி எரிகிறது என்று சொன்ன பிள்ளை இரண்டு நாளில் சொல்லாமல் விட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், தோல் செத்து உணர்ச்சி போயிருக்கலாம். வாகனமில்லை என்றால் 1990 இற்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தைக் கடதாசியின் தலைப்பிலேயே பெரிதாக எழுதுங்கள்.

வெட்டும் நாள்

முறிவைவிடப் பிளாஸ்டர் வெட்டும் வாளுக்குத்தான் பிள்ளைகள் கூட வெருளுவார்கள், சத்தம் அப்படி. அந்த வாள் சுழல்வதில்லை, சின்ன அளவில் இங்கும் அங்கும் அதிரும். கடினமான பிளாஸ்டரை வெட்டும், அதோடு சேர்ந்து அசையும் தோலைப் பெரும்பாலும் வெட்டாது. உங்கள் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். ஆனாலும் பஞ்சில்லாத இடத்தில், எலும்பு முட்டும் இடத்தில், இழுத்துக்கொண்டு போனால் தோலையும் வெட்டும். நேரே அமத்தி, தடை விட்டதும் வெளியே தூக்கி, தள்ளி வைத்து, திரும்ப அமத்த வேண்டும். கணு முட்டுகளின் மேல் ஓட்டாமல் முன்னாலோ பின்னாலோ விலத்தி ஓட்டுங்கள். அலகு சூடேறும், இடைக்கிடை நிறுத்தித் தொட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் தோல் எரியும். கைக்குழந்தையின் பி.ஓ.பி.யை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து அவிழ்த்தே எடுக்கலாம், வாளே தேவையில்லை.

உள்ளேயிருந்து வரும் கால் மெலிந்து, தோல் செதில் செதிலாக, மயிர் கூடித் தெரியும். தாய்மார் பயந்துபோவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேய்த்து உரிக்காமல் கழுவித் தேங்காயெண்ணெய் பூசினால் போதும். பிள்ளை சில கிழமை நொண்டும், பாதத்தை வெளியே திருப்பி நடக்கும். அநேகமானவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, விளையாட்டே போதும். மரமேறுவதையும் உதைபந்தையும் மட்டும் கன்சல்டன் சொல்லும்வரை தள்ளி வையுங்கள். சைக்கிள் கரியரில் ஏற்றும்போது இரண்டு பக்கமும் கால் வைக்கப் படியும், கம்பியை மறைக்க வலையும் பூட்டச் சொல்லுங்கள்.

ஆறு கிழமை கடந்தும் நொண்டினால் திரும்பப் பார்க்க வேண்டும். வளர்தட்டு முறிந்த பிள்ளைக்கு நடை நேராகிவிட்டாலும் விடக்கூடாது. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்றே எடுத்து, இரண்டு காலின் நீளத்தையும் அளந்து பார்க்க வேண்டும். பிளாஸ்டர் வெட்டின அன்றே அந்தத் திகதிகளைக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளை ஓடத் தொடங்கின பிறகு யாரும் தாங்களாகக் கொண்டுவரமாட்டார்கள்.